‘ஃபினிஷ்’ என்றால் எல்லை

“வேலை ஃபினிஷ்.”

“பரீட்சை ஃபினிஷ்.”

“அக்கா, உங்க லோன் ஃபினிஷ்.”

இந்தச் சொல்லை நாம் தினமும் கேட்கிறோம். நாமும் சொல்கிறோம். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்கள் வாயிலும் இது வருகிறது.

குப்பம் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு கூடை தக்காளி விற்றுத் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தமிழ் பேசுகிறவர் “முடிஞ்சுது” என்பார். தெலுங்கு பேசுகிறவர் “அயிபோயிந்தி” என்பார். கன்னடம் பேசுகிறவர் “முகீது” என்பார். மூன்று பேருக்கும் புரிகிற நான்காவது சொல் ஒன்று இருக்கிறது. அதுதான் ஃபினிஷ்.

இந்தச் சொல்லை எழுதிப் பாருங்கள். முதலில் ‘ஃ’ வருகிறது. உயிர் எழுத்துகளைப் படித்தபோது கடைசியாக நாம் எழுதிப் பழகியது இந்த எழுத்தைத்தான். பன்னிரண்டு உயிர் எழுத்துகளும் முடிந்த பிறகு வரும் எழுத்து. முடிவைச் சொல்லும் ஒரு சொல் அதைக் கொண்டே தொடங்குகிறது.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அதைத் தெரிந்துகொண்டு நமக்கு என்ன ஆகப்போகிறது?

ஃபினிஷ் தனியாக வந்த சொல் அல்ல. அதற்கு ஒரு குடும்பம் உண்டு. ஃபைன், ஃபைனல், ஃபைனான்ஸ் எல்லாம் அந்தக் குடும்பம்தான். இவை நம் வீட்டு வாசலுக்கே வருகிற சொற்கள். பணத்தோடு வருகிற சொற்கள். கையெழுத்துக் கேட்கிற சொற்கள். ஆகவே இவற்றின் பொருளை நன்றாகத் தெரிந்துகொள்வது நல்லது.

சொல்லின் சொந்த ஊர்

ஃபினிஷ் ஆங்கிலச் சொல். ஆனால் ஆங்கிலத்தில் பிறந்த சொல் அல்ல.

ஐரோப்பாவில் இத்தாலி என்று ஒரு நாடு இருக்கிறது. அதன் தலைநகரம் ரோம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ரோம் நகரத்தார் பெரிய பேரரசு நடத்தினார்கள். அவர்கள் பேசிய மொழியின் பெயர் லத்தீன். அந்த மொழியில் ‘ஃபினிஸ்’ என்று ஒரு சொல் இருந்தது. அதுதான் ஃபினிஷ் என்ற சொல்லுக்கு வேர்.

ஃபினிஸ் என்றால் என்ன பொருள்? முடிவு என்பது ஒரு பொருள். இன்னொரு பொருள் எல்லை. நிலத்தின் எல்லை. நாட்டின் எல்லை.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் ஏர் பூட்டி உழுகிறார். வரப்பு வரை உழுகிறார். வரப்பு வந்ததும் ஏரைத் திருப்புகிறார். அவருடைய நிலம் அங்கே முடிகிறது. எல்லை எதுவோ அதுவே முடிவு. இரண்டையும் ஒரே சொல்லால் ரோம் மக்கள் சொன்னதில் ஆச்சரியம் இல்லை.

லத்தீன் மொழி பல நாடுகளில் பரவியது. இடத்துக்கு இடம் மாறியது. பிரான்ஸ் நாட்டில் அது பிரெஞ்சு மொழியாக ஆனது. 1066-ஆம் ஆண்டில் பிரான்சின் வடபகுதியில் இருந்து ஒரு சிற்றரசன் படையோடு கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போனான். போரில் வென்று அங்கே அரசனும் ஆனான். அவன் பெயர் வில்லியம். அதன் பிறகு பல தலைமுறைகள் இங்கிலாந்தின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு பேசப்பட்டது. அதிகாரிகளின் மொழியில் இருந்து மக்கள் மொழிக்குச் சொற்கள் இறங்கின. ஃபினிஷ் அப்படி ஆங்கிலத்துக்குள் வந்தது. பிறகு ஆங்கிலேயர் நம் நாட்டை ஆண்டார்கள். இங்கேயும் அதே கதைதான். கச்சேரி, ரயில், பள்ளிக்கூடம் வழியாக அந்தச் சொல் நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது.

டெர்மினஸ் என்ற சொல்லும் இதே போன்றதுதான். பஸ் கடைசியாகப் போய் நிற்கும் இடத்தை டெர்மினஸ் என்கிறோம். லத்தீனில் அதற்கு எல்லைக்கல் என்று பொருள். ரோம் மக்கள் எல்லைக்கல்லைத் தெய்வமாகக் கும்பிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு நாள், பிப்ரவரி 23 அன்று, பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவரும் வருவார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று கல்லுக்கு மாலை போடுவார்கள். நம் ஊர்களில் எல்லையம்மன் கோயில் இருக்கிறது அல்லவா? ஊர் முடிகிற இடத்தில் தெய்வத்தை வைப்பது நமக்கும் புதிது அல்ல.

ஃபைன் என்ற அபராதம்

எழுத்தறிவு மையத்தில் ஒரு பாட்டி கேட்டார்: “ஏம்மா, தவணை தப்பினா ஃபைன் கட்டுன்றாங்க. எம் பேரன் சாம்பார் ஃபைனா இருக்குதுன்றான். ஃபைன்னா நல்லதா, கெட்டதா?”

நல்ல கேள்வி. இரண்டு ஃபைனும் ஒரே வேரில் இருந்து வந்தவைதான். முதலில் அபராதத்தைப் பார்ப்போம்.

பழைய காலத்தில் இருவருக்குள் வழக்கு வரும். இழுத்துக்கொண்டே போகும். கடைசியில் ஒரு தொகையைக் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்வார்கள். முடிப்பதற்காகக் கொடுக்கும் பணம் என்பதால் அதற்கு முடிவு என்றே பெயர் வந்தது. அதுதான் ஃபைன். ‘இதைக் கட்டிவிட்டால் விவகாரம் முடிந்தது’ என்பது அதன் உள்ளே இருக்கும் பொருள்.

இங்கிலாந்தில் நிலம் கைமாறும்போதும் ஃபைன் என்று ஒரு பத்திரம் எழுதினார்கள். அதை எழுதிய விதத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1195-ஆம் ஆண்டில் இருந்து அதற்கு ஒரு முறை வந்தது. பதப்படுத்திய தோல் ஒன்றை எடுப்பார்கள். அதில் ஒரே ஒப்பந்தத்தை மூன்று முறை எழுதுவார்கள். மேலே இரண்டு, அடியில் ஒன்று. பிறகு அந்தத் தோலை மூன்று துண்டாக வெட்டுவார்கள். நேராக வெட்ட மாட்டார்கள். வளைத்து வளைத்து வெட்டுவார்கள். ஒரு துண்டு நிலம் கொடுத்தவருக்கு. ஒரு துண்டு நிலம் வாங்கியவருக்கு. அடித்துண்டு நீதிமன்றத்துக்கு.

ஏன் வளைத்து வெட்டினார்கள்? நாளைக்கு ஒருவர் பொய்ப் பத்திரம் கொண்டுவரலாம். அப்போது மூன்று துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். வளைவோடு வளைவு பொருந்தினால் உண்மை. பொருந்தாவிட்டால் பொய்.

1833-இல் சட்டம் போட்டு இந்த முறையை நிறுத்தினார்கள். அதுவரை அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் இது நடந்தது. நீதிமன்றம் வைத்துக்கொண்ட அடித்துண்டுகள் இன்றும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் அங்கே படித்தவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் ‘முடிந்தது’ என்று வாயால் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. இரு தரப்பார் கையிலும் தாள் இருக்க வேண்டும், மூன்றாவது ஆளிடமும் ஒன்று இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

இன்னொரு ஃபைன்

பாட்டியின் பேரன் சொன்ன ஃபைன் எப்படி வந்தது?

ஒரு தச்சர் மரத்தைச் செதுக்குகிறார். இழைக்கிறார். தேய்க்கிறார். இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்னும் எல்லைக்கு வந்துவிட்டார். அந்தப் பொருள் எப்படி இருக்கும்? அருமையாக இருக்கும். எல்லை வரை செய்து முடித்தது என்ற பொருளில் இருந்துதான் ‘நன்று’ என்ற பொருள் வந்தது. மெல்லியது, நேர்த்தியானது என்ற பொருளும் அப்படியே வந்தது.

கடையில் ரீஃபைண்ட் ஆயில் வாங்குகிறோம். அதுவும் இந்தச் சொல்தான். அழுக்கு நீக்கி மேலும் சுத்தம் செய்த எண்ணெய் என்று பொருள்.

ஆகவே பாட்டிக்குப் பதில் இது. அபராதம் என்ற ஃபைன், விவகாரம் முடிவது. நன்று என்ற ஃபைன், வேலை முடிவது.

ஃபைனான்ஸ் என்றால் கடன் தீர்ப்பது

இப்போது ஃபைனான்ஸ் என்ற சொல்லைப் பார்ப்போம். பலகையில் சிலர் ‘பைனான்ஸ்’ என்றும் எழுதுகிறார்கள்.

இந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு என்ன தோன்றுகிறது? கடன் வாங்குவது. ஆனால் அது பிறந்த காலத்தில் பொருள் நேர் எதிராக இருந்தது. பழைய பிரெஞ்சு மொழியில் ஃபைனான்ஸ் என்றால் முடித்தல். அதாவது கடனைக் கட்டித் தீர்த்தல். கணக்கை நேர் செய்தல். பிறகு அரசாங்கத்தின் வரவு செலவைக் குறித்தது. அதன் பிறகு பணம் புரட்டுவது, பணம் கொடுத்து வாங்குவது எல்லாவற்றுக்கும் பெயர் ஆனது.

கடனை முடிப்பது என்று பிறந்த சொல், இன்று கடனைத் தொடங்குகிற இடத்தின் பெயராக இருக்கிறது.

ஆந்திரப் பிரதேசத்தில் இந்தச் சொல் பல குடும்பங்களைப் பயமுறுத்திய காலம் உண்டு. சிறுகடன் நிறுவனங்கள் கிராமம் கிராமமாகக் கடன் கொடுத்தன. வாரா வாரம் வசூல் நடந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினார்கள். கடன் முடியவே இல்லை. தற்கொலைச் செய்திகள் வந்தன. 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், மிரட்டி வசூலிக்கக் கூடாது, வாரத் தவணை கூடாது, மாதத் தவணைதான் என்று அந்தச் சட்டம் சொன்னது. வட்டி அசலை மிஞ்சக் கூடாது என்றும் சொன்னது. வட்டிக்கு ஓர் எல்லைக்கல் நட்டது என்று இதைச் சொல்லலாம்.

நம் மொழியில் ‘தீர்’

ஃபைன் என்ற சொல்லுக்கு நடந்தது நம் மொழியிலும் நடந்திருக்கிறது.

‘தீர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ந்தது என்றால் முடிந்தது. கடனைத் தீர்த்தான் என்கிறோம். நோய் தீர்ந்தது என்கிறோம். வழக்கை முடித்துச் சொல்வது தீர்ப்பு. ஒரு பிரச்சினைக்கு முடிவு தீர்வு. நிலத்துக்குக் கட்டும் வரி தீர்வை. முடிவு, தீர்ப்பு, கட்டும் பணம் ஆகிய மூன்றும் ஒரே வேரில் இருக்கின்றன. லத்தீன் ஃபினிஸ் போன வழியிலேயே தமிழ்த் ‘தீர்’ தானும் போயிருக்கிறது.

இதில் நம் ஊருக்கு ஒரு சிறப்பு உண்டு. தீர்ப்பு என்பதைத் தெலுங்கிலும் தீர்ப்பு என்றே சொல்கிறார்கள். கன்னடத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். நில வரிக்குத் தெலுங்கில் தீருவ என்று பெயர். இந்த மொழிகள் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றை ஒப்பிட்டுப் படிப்பதற்கென்றே குப்பத்தில் 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது.

‘பைசல்’ என்றும் சொல்கிறோம். “கடன் பைசல் ஆயிடுச்சு” என்பார்கள். இது அரபு மொழியில் இருந்து வந்த சொல். தீர்மானம், தீர்ப்பு என்று பொருள்.

‘எண்டு’ என்ற ஆங்கிலச் சொல்லும் நமக்குத் தெரியும். பழைய சினிமாவில் கடைசியில் ‘சுபம்’ என்று போடுவார்கள். ஆங்கிலப் படத்தில் ‘தி எண்டு’ என்று போடுவார்கள். எண்டு என்றால் முடிவு. ஆதியோடு அந்தமாகச் சொல் என்கிறோமே, அந்த ‘அந்தம்’ வடமொழிச் சொல். எண்டும் அந்தமும் உறவுக்காரர்கள். மிகப் பழைய காலத்தில் ஒரே வேரில் இருந்து பிரிந்தவை. வடமொழியிலும் அந்தம் என்றால் முடிவு மட்டும் அல்ல, எல்லை என்றும் பொருள் உண்டு.

பல மொழிகளைச் சுற்றி வந்துவிட்டோம். முடிவும் எல்லையும் பல மொழிகளில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

எழுதினால்தான் எல்லை

எல்லையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். குப்பம் ஆந்திரப் பிரதேசத்தின் மூலையில் இருக்கிறது. ஒரு பக்கம் கர்நாடகம். ஒரு பக்கம் தமிழ்நாடு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் மூன்று மாநிலத்திலும் நடக்கிறது.

இந்த எல்லைகள் எப்படி வந்தன? 1953 அக்டோபர் 1 அன்று சென்னை மாநிலத்தில் இருந்து ஆந்திர மாநிலம் பிரிந்தது. சித்தூர் மாவட்டம் ஆந்திராவோடு போனது. ஆனால் விவகாரம் முடியவில்லை. இந்த ஊர் எங்களுக்கு, அந்த ஊர் உங்களுக்கு என்று இரு பக்கமும் கேட்டார்கள். போராட்டம் நடந்தது. பேச்சு நடந்தது. படாஸ்கர் என்பவரை நடுவராக வைத்தார்கள். அவர் ஒரு முடிவு சொன்னார். 1959-இல் நாடாளுமன்றத்தில் சட்டம் ஆனது. 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போதுதான் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது.

அந்தச் சட்டத்தில் என்ன இருந்தது தெரியுமா? கிராமங்களின் பட்டியல் இருந்தது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பெயர் பெயராக எழுதினார்கள். ஆறு ஏழு ஆண்டுகள் பேசியதை அந்தப் பட்டியல் முடித்து வைத்தது.

இரண்டு மாநிலங்களுக்கே எழுத்து வேண்டியிருந்தது. நம் கடனுக்கு வேண்டாமா?

கடன் எப்போது ஃபினிஷ்?

ஓர் அக்கா சிறுகடன் நிறுவனத்தில் 30,000 ரூபாய் கடன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் தவணையும் கட்டிவிட்டார். வசூலுக்கு வரும் தம்பி “அக்கா, உங்க லோன் ஃபினிஷ்” என்கிறார். அக்கா சந்தோஷமாக வீட்டுக்குள் போகிறார்.

கடன் முடிந்ததா? பணம் கட்டுவது முடிந்தது. அதற்குச் சாட்சி அக்கா கையில் இருக்க வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2022-இல் சிறுகடனுக்கு விதிகள் வெளியிட்டது. அவை அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் நாம் நினைவில் வைக்க வேண்டியவை இவை:

1. கடன் வாங்கியவருக்குக் கடன் அட்டை கொடுக்க வேண்டும். அதில் உள்ளவை அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

2. ஒவ்வொரு தவணை கட்டியதையும் அட்டையில் குறிக்க வேண்டும். கடைசியில் கடன் முழுவதும் தீர்ந்தது என்பதையும் அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

3. சிறுகடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது.

4. தவணை தவறினால், தவறிய தொகைக்கு மட்டும்தான் அபராதம். மொத்தக் கடனுக்கும் அபராதம் போடக் கூடாது.

5. கெடுவுக்கு முன்பே கடனை முடித்தால் அதற்கு அபராதம் கிடையாது. அதாவது, ஃபினிஷ் செய்ததற்கு ஃபைன் இல்லை.

6. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது.

இரண்டாவது விதியைத் திரும்பப் படியுங்கள். அட்டையின் கடைசி வரி அது. அந்த வரி எழுதப்படும் வரை கடன் முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

நான்காவது விதிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்காவின் கடனில் இன்னும் 24,000 ரூபாய் பாக்கி. ஒரு தவணை 1,500 ரூபாய். அந்த ஒரு தவணை தவறிவிட்டது. அபராதம் நூற்றுக்கு 2 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 1,500 ரூபாய்க்கு அபராதம் 30 ரூபாய். 24,000 ரூபாய்க்குப் போட்டால் 480 ரூபாய். வித்தியாசம் 450 ரூபாய். இரண்டு நாள் வீட்டுச் செலவு! ஃபைன் என்ற சொல் எந்தத் தொகைக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் இந்தப் பணம் நம் கையில் நிற்கும்.

பெரிய கடன்களுக்கும் விதி உண்டு. வீட்டுப் பத்திரம், நிலப் பத்திரம் வைத்து வங்கியிலோ ஃபைனான்ஸ் நிறுவனத்திலோ தனிநபர் கடன் வாங்குகிறோம். கட்டி முடித்தபின் பத்திரம் எப்போது வரும்? 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவு போட்டது. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. அவர்கள் தவறால் தாமதம் ஆனால், நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். இங்கே ஃபைன் கட்டுவது அவர்கள்!

நகைக் கடனுக்கும் 2025 ஜூனில் இது போல ஒரு விதி வந்தது. முழுப் பணமும் கட்டினால் அன்றைக்கே நகையைத் தர வேண்டும். மிஞ்சினால் 7 வேலை நாள். அதற்கு மேல் அவர்கள் தவறால் தாமதம் ஆனால் நாளுக்கு 5,000 ரூபாய். 2026 ஏப்ரல் 1-க்குள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும் அந்த விதி சொன்னது.

இவை வங்கிக்கும் ரிசர்வ் வங்கியின் கீழ் உள்ள நிறுவனங்களுக்கும் உரிய விதிகள். புகார் இருந்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. குறைதீர்ப்பு என்பதிலும் ‘தீர்’ இருப்பதைப் பாருங்கள்.

ஊரில் தெரிந்தவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்குகிறோம். அதற்கு இந்த விதிகள் வராது. அங்கே நாமே கவனமாக இருக்க வேண்டும். வட்டியோ அசலோ கொடுத்தால் அன்றைக்கே நோட்டின் பின்பக்கம் வரவு எழுதச் சொல்லுங்கள். முழுவதும் கொடுத்தால் நோட்டைத் திருப்பி வாங்குங்கள். “நோட்டு பெட்டியில எங்கேயோ இருக்குது, அப்புறம் தர்றேன்” என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். பணம் முழுவதும் வந்து சேர்ந்தது என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபைனல் என்று எழுதியிருந்தால்

ஃபைனல் என்றால் இறுதி. கிரிக்கெட்டில் ஃபைனல் மேட்சுக்குப் பிறகு வேறு மேட்ச் இல்லை. தாளில் ஃபைனல் என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். அதைத் தாண்டினால் கேட்பது கஷ்டம்.

வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வரைவுப் பட்டியல் வரும். அதில் பெயர் இல்லை என்றாலோ தவறாக இருந்தாலோ சொல்லலாம். குறித்த நாளுக்குள் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் இறுதிப் பட்டியல் வரும். வரைவு வந்த போதே போய்ப் பார்ப்பவருக்கு அலைச்சல் குறைவு. இறுதிப் பட்டியலிலும் பெயர் இல்லையா? அப்போதும் 6-ஆம் எண் படிவம் கொடுத்துச் சேர்க்கச் சொல்லலாம்.

குப்பத்தில் இருந்து பலர் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். கம்பெனியில் வேலையை விட்டு நிற்கும்போது ஒரு தாள் நீட்டுவார்கள். ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட்’ என்று அதில் எழுதியிருக்கும். முழுக் கணக்கும் இறுதியாகத் தீர்ந்தது, இனி எனக்கு வர வேண்டியது எதுவும் இல்லை என்று அதற்கு அர்த்தம். நிற்கிற மாதச் சம்பளம், பாக்கி விடுமுறைப் பணம், போனஸ், கிராஜுட்டி எல்லாம் கணக்கில் வந்ததா என்று பார்க்க வேண்டும். தொகை எழுதும் இடம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது. தாளில் ஒரு நகல் கேட்டு வாங்க வேண்டும்.

முடிவு நம் கையில்

ஃபினிஸ் என்ற பழைய சொல் நமக்குச் சொல்வது இதுதான். முடிவு என்பது ஓர் எல்லை. எல்லை என்றால் இரண்டு பக்கத்தாருக்கும் கண்ணில் தெரிய வேண்டும். ஒரு பக்கத்தார் மட்டும் அறிந்தது எல்லை ஆகாது. நிலத்தில் அதைக் காட்டுவது கல். கடனில் அதைக் காட்டுவது எழுத்து.

நாம் எழுத்துக் கற்றது கடிதம் எழுதவும் பஸ் பலகை படிக்கவும் மட்டும் அல்ல. யார் ஃபினிஷ் என்று சொன்னாலும், “எங்கே எழுதியிருக்குது, காட்டுங்க” என்று கேட்பதற்கும்தான்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள கடன் அட்டையை எடுத்து வாருங்கள். அது எந்த மொழியில் இருக்கிறது? எல்லாத் தவணையும் குறிக்கப்பட்டிருக்கிறதா?

2. முடிந்துபோன கடன்களுக்கு என்ன தாள் உங்கள் கையில் இருக்கிறது? இல்லாவிட்டால் யாரிடம் கேட்பீர்கள்?

3. ‘தீர்’ என்ற வேரில் இருந்து வந்த சொற்களை எழுதுங்கள். தெலுங்கு, கன்னடம் தெரிந்தவர்களைக் கேட்டு அந்த மொழிச் சொற்களையும் எழுதுங்கள்.

4. உங்கள் ஊர் எல்லையில் என்ன இருக்கிறது? கல்லா, மரமா, கோயிலா? பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.

தெரிந்துகொண்ட சொற்கள்

ஃபினிஷ் – முடிவு
ஃபைன் – அபராதம், நன்று
ஃபைனல் – இறுதி
ஃபைனான்ஸ் – பணம் கொடுக்கல் வாங்கல்; பழைய பொருள், கடன் தீர்த்தல்
டெர்மினஸ் – வண்டி கடைசியாக நிற்கும் இடம்; பழைய பொருள், எல்லைக்கல்
பைசல் – தீர்மானம், கணக்கு முடித்தல்
தீர்வை – நில வரி